ஊட்டுப்புரையில் ஒன்பது இலை

எங்கள் தெருவில் ஒரு சிற்பி குடிவந்திருப்பதை முதலில் என் காதுதான் கண்டுபிடித்தது. காலை ஒன்பது மணிக்குத் தகடு அடிக்கும் சத்தம் தொடங்கும். ஒரு மணிக்கு நிற்கும். மூன்று மணிக்கு மறுபடி தொடங்கி விளக்கு வைக்கும்வரை போகும். அரசு அலுவலகத்தில் இவ்வளவு நேரம் தவறாமல் வேலை நடந்து நான் பார்த்ததில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு ஒரு புகார் எழுதினேன்.

முப்பத்திரண்டு வருடம் ஒரு துறையின் பண்டகசாலைப் பிரிவில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். வரலாற்றில் எம்.ஏ. படித்தேன், பிழைப்புக்கு ஆணியும் சிமெண்டும் எண்ணினேன். அதனால் என் புகாருக்குப் பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் உண்டு. யார் மேல் புகாரோ அவருக்கும் ஒரு நகல் அனுப்புவேன். அதுதான் முறை. பலர் அதை வன்மம் என்று நினைத்தார்கள்.

நகல் போன இரண்டாம் நாள் அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். ஐம்பதை நெருங்கும் வயது. கைவிரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள்.

"அக்கா, இது நீங்க எழுதினதா?"

"ஆமா. சத்தம் நின்னா வாபஸ் வாங்கிக்கிடுவேன்."

"சத்தம் நிக்காது. ஆனா எழுத்து கொள்ளாம், நல்லாருக்கு. என்னப் பத்தி நானே இப்பிடிக் கோர்வையாச் சொன்னதில்ல." நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதணும். ரெண்டு தடவ நானே எழுதி அனுப்பிட்டேன். பதில் வரல்ல. நீங்க எழுதினா வரும்."

நான் புகாரைத் திரும்பப் பெறவில்லை. விண்ணப்பத்தை எழுத ஒப்புக்கொண்டேன். இரண்டும் வெவ்வேறு கோப்புகள்.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும் என்று அவள் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒன்பது பெண்கள் தரையில் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுயரம், ஆள் அகலம். ஒருத்திக்குத் தோள் சரிந்திருந்தது. ஒருத்தி கால் முட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ வம்பு சொல்ல வாயெடுத்திருந்தாள். எல்லோரும் கருங்கல்லில் செய்தவர்கள் போலக் கறுத்து, கனத்துத் தெரிந்தார்கள்.

"இவ்வள எல்லாரையும் எனக்குத் தெரியும்," என்றாள். "எங்க ஊரு மீன்காரிய. காலம்பற முதல் பஸ்ஸில சருவம் ஏத்திட்டு வாறவ. எப்பிடி ஒங்கள செய்யட்டும்னு கேட்டேன். நின்னுட்டா, நடந்துட்டா, சருவத்தத் தலையில வச்சிட்டா? ஒம்பது பேரும் ஒண்ணுபோலச் சொன்னாவ, இருந்தாப் போதும் மக்கா, எங்கள எங்கயாவது இருத்தி வையி."

மீன் சுமக்கும் அகன்ற அலுமினியப் பாத்திரத்தை இங்கே சருவம் என்போம். ஒவ்வொருத்தியும் பல வருடம் தலையில் சுமந்து, அடி நசுங்கி, ஒதுக்கிப் போட்ட சருவங்களை வாங்கி, அவற்றைத்தான் அவள் தகடாக அடித்திருந்தாள். தலையில் உட்கார்ந்திருந்த அடிப்பாகம் இப்போது அவளவளுக்கு மடியாக ஆகியிருந்தது. சும்மாடு அழுந்தின வட்டம்கூடத் தெரிந்தது. மூன்று வாரம் நான் திட்டிக்கொண்டிருந்த சத்தம் இதுதான்.

வரிசையில் முதலாவதாக இருந்தவளைக் காட்டி, "இது எங்க அம்ம," என்றாள்.

தக்கலைப் பக்கம் இருக்கிற அரண்மனையின் ஊட்டுப்புரையில் இந்த ஒன்பது பேரையும் ஒரு மாதம் உட்கார வைக்க வேண்டும். அதுதான் விண்ணப்பம். ஊட்டுப்புரை என்பது அந்தக் காலத்தில் அரண்மனைச் செலவில் தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலை போட்ட கூடம். மாடியில், ஒரு முனையில் நின்றால் மறு முனையில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு நீளம். பலகைத் தளம், மர உத்திரம்.

"வேற எங்கயும் வைக்கலாமே. நாகர்கோவில்லயே மண்டபங்கள் இருக்கு," என்றேன்.

"அங்கதான் வைக்கணும். நான் ஆறாம் கிளாஸ் படிக்கும்போ ஸ்கூல்ல இருந்து அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனாவ. அன்னைக்கு அம்மைக்குத் தக்கலைச் சந்தையில வியாபாரம். என்னப் பாக்க வாசல் வர வந்தா. டீச்சர், உள்ள வாங்கன்னு கூப்பிட்டாவ. வேண்டாம் டீச்சரே, சருவம் இருக்கு, நாத்தம் அடிக்கும்னு சொல்லி மரத்தடியிலயே இருந்துட்டா. நான் வெளிய வந்து, உள்ள பெரிய கூடம் உண்டு, பண்டு ஆயிரம் பேரு இருந்து உண்ணுவாவளாம்னு சொன்னேன். அதுல நம்மள மாதிரி ஆளு உண்டான்னு அம்ம கேட்டா. எனக்குத் தெரியல்ல."

வரலாற்றில் எம்.ஏ. படித்த எனக்குத் தெரியும். யார் யார் அங்கே உட்கார்ந்தார்கள், எந்தெந்தச் சாதிக்காரர்களால் அந்த மதிலோரம் நடக்கக்கூட முடியாது என்பதெல்லாம் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக வந்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பதிலை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளம். ஊர் அறிந்த விஷயம்தான். விண்ணப்பம் எழுதுகிறவருக்கு மட்டும் இது இரண்டு பங்கு வேலை. மூன்று மொழியில் எழுதி, இரண்டு மாநிலத்துக்கும் நகல் வைத்து, சிற்பங்களின் பட்டியல், புகைப்படம், அளவு, வரைபடம் என்று இணைப்புகள் சேர்த்து, பக்க எண் இட்டு நூலால் தைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அதில்தான் அந்தத் தவறு நடந்தது. தவறு என்னுடையது.

எடைச் சான்று என்று ஒரு தாள். அனுபவமுள்ள ஒருவர் கையொப்பமிட வேண்டும். அனுபவத்துக்கு என்னை விட்டால் யார்? பண்டகசாலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எடை தெரியாவிட்டால் கூட்டி எழுதுவோம். குறைத்து எழுதினால் தணிக்கைக் கேள்வி வரும், கூட்டி எழுதினால் பெரிய லாரி வரும். முப்பத்திரண்டு வருடமும் எனக்குப் பெரிய லாரிதான் வந்திருக்கிறது. ஆகவே சிற்பத்தைக் கண்ணால் பார்த்தேன். தகட்டுக்குள் சிமெண்ட் நிரப்பியிருப்பாள், எண்பது கிலோ இருக்கும் என்று தோன்றியது. பெட்டிக்கு இருபது சேர்த்தேன். பாதுகாப்புக்கு இன்னொரு இருபது. ஒரு சிற்பம் நூற்றிருபது கிலோ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் என் எழுத்தின் மேல் உள்ள மரியாதையில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பதில் வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. கண்காட்சிக்கு அனுமதி உண்டு. ஆனால் மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல் இருப்பதால் ஊட்டுப்புரையின் பழைய மரத்தளத்தில் வைக்க இயலாது. அதற்குப் பதிலாக நுழைவாயில் அருகே, மரத்தடியில் உள்ள திறந்தவெளியில் வைத்துக்கொள்ளலாம்.

அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அதே மரம்," என்றாள்.

நான் விண்ணப்பத்தின் நகலைப் புரட்டினேன்.

"உள்ள இல்லேன்னா வேண்டாம்க்கா. அம்ம அந்த மரத்தடியில ஒருக்கா இருந்துட்டா. நான் செஞ்சு வேற அங்க கொண்டு இருத்தணுமா?" கடிதத்தை மடித்தாள். "ஆனா ஒண்ணு. ஒரு டன்னுன்னு எப்பிடி வந்துது? உள்ள வெறும் கூடுல்லா. கம்பியும் தகடும்தான். நான் ஒத்தைக்குத் தூக்கி வைக்கிறேன்."

"தூக்குவியா?"

அவள் எழுந்து, தன் அம்மாவை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி, கொட்டகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. கரியும் எண்ணெயும் தேய்த்துக் கல் மாதிரி ஆக்கியிருந்த வெறும் கூட்டுக்கு நான் எடைச் சான்று கொடுத்திருந்தேன்.

அன்று மாலை அவளிடம் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. திருத்த அறிக்கை சமர்ப்பிப்பேன். அவள் "பெரிய லாரி," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நியாயமானது.

திருத்த வேண்டுமென்றால் முத்திரை வைத்த தராசில் எடை போட்ட சீட்டு வேண்டும். வருடா வருடம் முத்திரை வைக்கிற பெரிய தராசு மீன் ஏலக்கூடத்தில் இருக்கிறது. ஏலம் முடிந்த வெயில் நேரத்தில் ஒன்பது சிற்பங்களையும் வேனில் கொண்டுபோய் இறக்கினோம். அங்கே அசல் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அவர்களை அன்றுதான் பார்த்தேன். ஆனால் பார்த்த முகங்கள்.

"ஏட்டி, ஒன் பொம்மைய முதல்ல வையி. தராசு தாங்குதான்னு பாப்போம்."

"எனக்க பொம்மை மெலிஞ்சவளாக்கும். நீ ஒன்னப் பாத்துக்க."

வம்பு சொல்ல வாயெடுத்த சிற்பத்துக்கு உரியவள் இவள்தான் என்று உடனே தெரிந்தது. தராசுக்காரர் முள்ளைப் பார்த்து, "இருபத்தாறு," என்றார். எல்லாம் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்தில் அவ்வளவுதான். அந்தப் பெண் தானே தராசில் ஏறி நின்றாள். முள் எழுபத்தொன்றில் போய் நின்றது.

"பாத்தியளா," என்றாள் என்னிடம். "செஞ்சவ என்னக் கொறச்சிட்டா, எழுதினவ கூட்டிட்டா. எனக்க சரியான எடைய ஒருத்தியும் வைக்கல்ல."

எடைச் சீட்டுடன் அரண்மனைக்குப் போனேன். தளத்துக்குப் பொறுப்பான பொறியாளர் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர். கவனமானவர். நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு ஆள் என் எதிரே உட்கார்ந்திருந்தால் அவரை வெறுத்திருப்பேன். அவர் என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், ஒரே கையொப்பம். ஆத்யத்தெ தாளில் நூற்றிருபது. ரெண்டாவது தாளில் இருபத்தாறு. நாளைக்கு மூணாவது தாள் வந்தால் ஆறு கிலோ ஆயிருக்கும். ஞான் எதை நம்பணும்?"

"முத்திரைத் தராசுச் சீட்டு இருக்கு."

"இருக்கு. பட்சே முதல் தாளும் பைலில் இருக்கு. நாளைக்கு ஒரு பலகை பொட்டிப் போனால் எல்லாரும் அந்தத் தாளை எடுத்துத்தான் என்னைக் கேட்பார்கள். நூற்றிருபதுன்னு எழுதியிருக்கே, நீ எப்படி விட்டாய்ன்னு."

அவர் சொன்னது முற்றிலும் சரி. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"கூடத்துல ஒரே நேரத்துல இருபத்தைந்து சுற்றுலாப் பயணிகள விடுறீங்களே," என்றேன்.

"அவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். பாரம் மாறிக்கொண்டிருக்கும். சிற்பம் ஒரே இடத்தில் இருக்கும். அதாணு பிரச்சினை."

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. எந்த விதிக்கும் எதிரே சண்டை போடக் கூடாது. அது எங்கே போக விரும்புகிறதோ அதே திசையில் அதைவிட இரண்டடி கூடுதலாக நடக்க வேண்டும். என் பணிக்காலத்தில் நான் கற்ற உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்.

"அப்போ பாரச் சோதனை வைங்க. சிற்பத்தவிட இரண்டு மடங்கு எடை, அதே ஒன்பது இடத்துல, ஒரு மணி நேரம் அசையாம. தளம் தாங்கினா அனுமதி. தாங்கலைன்னா நான் மறுபடி இந்தப் படி ஏறமாட்டேன்."

"பாரத்துக்கு எந்து வைக்கும்? மணல் மூட்டையா?"

"பெண்கள்," என்றேன்.

அவர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பெண்களை வைக்க அதில் தடை இல்லை. நான் முன்தினமே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆனால் அந்த ஒன்பது பேரிடம் போய்க் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. என் தவறைச் சரிக்கட்ட நீங்கள் மணல் மூட்டையாக வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். சுற்றி வளைக்காமல் அப்படியே சொன்னேன்.

"எங்கள எடக்கல்லா வைக்கப் போறியளா?" என்றாள் அந்த எழுபத்தொன்று.

"ஆமா."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம். அசையாம."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிற்பியின் அம்மாதான் பேசினாள். எழுபது தாண்டியவள், முட்டி வலியோடு இன்னும் சந்தைக்குப் போகிறவள். "அரமனைக்குள்ள ஒரு மணிக்கூர் இருக்கக் கூப்பிடுகா. போவாம என்னட்டி? சும்மா இருந்து எத்தன காலமாச்சு."

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அன்றைக்குச் சோதனை. பெண்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு, குளித்து, மாதா கோவில் திருநாளுக்கு உடுத்தும் சேலையில் வந்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டோம். படி ஏறும்போது அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேலே ஒரு சிக்கல். ஒன்பது இடத்தையும் அடையாளம் செய்ய வேண்டும். சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடக் கூடாது. ஒட்டுநாடா கூடாது. ஆணி என்ற சொல்லையே அங்கே உச்சரிக்க முடியாது. நான் விதியைப் படித்தவள் ஆனதால் வடசேரிச் சந்தையில் ஒன்பது நுனியிலை வாங்கி வந்திருந்தேன். கறை இல்லை, பசை இல்லை, எடை இல்லை. வரைபடத்தைப் பார்த்து இடைவெளி அளந்து தரையில் விரித்தேன்.

அடையாளத்துக்காக மட்டும்தான் விரித்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. ஆனால் அந்த நீளக் கூடத்தில் வாழையிலைகள் வரிசையாகக் கிடந்ததும், காவலுக்கு நின்ற ஊர்க்காரர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். சிற்பி தூணருகே அப்படியே நின்றுவிட்டாள்.

பெண்கள் அவரவர் இலைக்கு முன் உட்கார்ந்தார்கள். அம்மாவை இரண்டு பேர் பிடித்து இருத்தினார்கள். பொறியாளர் கீழே போய் உத்திரங்களின் அடியில் கடிகாரம் போன்ற அளவுமானிகளைப் பொருத்தி, "தொடங்ஙாம்," என்று குரல் கொடுத்தார்.

பத்து நிமிடம் போயிற்று. பிறகு எழுபத்தொன்று தொடங்கினாள்.

"சோறு எப்போ வெளம்புவியோ?"

"அசையாத, அசையாத," என்று காவலர் கண்டித்தார்.

"வாய்தானே அசையுது. வாய்க்கு என்ன எடை?"

"ஒனக்க வாய்க்குத்தான் முத்திரத் தராசு வேணும்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிரிப்பு வரிசையின் மறுமுனைவரை போயிற்று. கீழே இருந்து பொறியாளர், "என்ன? அங்கே என்ன சம்பவிச்சு?" என்று பதறினார்.

"சிரிக்காவ சாரே!" என்று காவலர் கத்தினார்.

"சிரிக்கட்டும். முள் அனங்கவில்லை!"

நாற்பது நிமிடத்தில் அவர் மேலே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. "மதி அம்மமாரே. போதும். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. இனி எழும்பலாம்."

யாரும் எழும்பவில்லை.

"ஒரு மணிக்கூர்னு சொன்னிய. ஒரு மணிக்கூர் தீரட்டும்," என்றாள் அம்மா.

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். அவரும் நின்றபடியே காத்திருந்தார். ஒரு மணி நேரம் முடிந்தது. அப்போதும் யாரும் எழும்பவில்லை. இப்போது அவர்கள் பொறியாளரைப் பார்க்கவில்லை. இலை விரித்த என்னைப் பார்த்தார்கள்.

"மக்கா," என்றாள் அம்மா என்னிடம். "இல போட்டு இருத்திட்ட. ஒண்ணும் வைக்காம வெறும் இலையில இருந்து எப்பிடி எழும்புகது? போட்ட வீட்டுக்கு ஆகாதுல்லா."

முப்பத்திரண்டு வருடத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, இலை விரித்தால் விருந்து என்பது தெரியாதா? எல்லா விதியையும் பார்த்து வந்தவள், பந்தியின் விதியை விட்டுவிட்டேன்.

"உள்ள ஒண்ணும் தின்னப்பிடாதுன்னு போர்டு இருக்கு," என்றார் காவலர், மெதுவாக.

"தின்னக் கூடாதுன்னுதான் இருக்கு," என்றேன். "வெளம்பக் கூடாதுன்னு இல்ல."

அவர்கள் திரும்பிப் போகும்போது கொடுக்கலாம் என்று இரண்டு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வாசலில் வைத்திருந்தேன். எடுத்துவரப் படியை நோக்கித் திரும்பினேன். அதற்குள் பொறியாளர் இறங்கிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது இரண்டு சீப்பும் அவர் கையில் இருந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். வரிசையின் இடது முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, ஒரு பழத்தை வைத்து, அடுத்த இலைக்கு நகர்ந்தார். பந்தி விளம்பிப் பழகிய கை. அவர் வீட்டிலும் கல்யாணங்கள் நடந்திருக்கும். ஒன்பதாவது இலைவரை அவர் நிமிரவில்லை.

பெண்கள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டார்கள். பழத்தைக் கையில் எடுத்தார்கள். இலையை உள்பக்கமாக மடித்தார்கள். பிறகு ஒன்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். உண்டது வெளியே, மரத்தடியில் நின்றுகொண்டு. விதி விதிதான்.

படி இறங்கும்போது சிற்பி என் கையைப் பிடித்தாள். "அக்கா, இல வேணும். நான் இவ்வளவு நாளும் வெறும் தரைக்கு முன்ன இருத்தி வச்சிருக்கேன். கண்டியளா?"

"பட்டியல் அங்கீகாரம் ஆயாச்சு. இனிமே சேக்கணும்னா திருத்த இணைப்பு."

"எழுதுங்க."

எழுதினேன். அலுமினிய இலை ஒன்பது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு மட்டிப்பழம். எடையை அதே முத்திரைத் தராசில் போட்டு, கிராம் வரை எழுதினேன். பொறியாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இது விசுவசிக்காம்," என்று கையொப்பமிட்டார். சோதனை அறிக்கையில் அவர் எழுதிய கடைசி வரி எனக்கு மனப்பாடம்: ஒன்பது பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்தும் தளத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. என் துறையில் நான் படித்த அறிக்கைகளில் இதைவிட நல்ல வாக்கியம் ஒன்று இருந்தால் யாராவது காட்டட்டும்.

கண்காட்சி தொடங்கிய நாளில் பேச்சாளர்கள் பேசினார்கள். அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமானது இரண்டாவது வாரம். ஒரு குடும்பம் படமெடுக்கும் அவசரத்தில் அலுமினிய இலைகளைத் தாண்டி மறுபக்கம் போகப் பார்த்தது. காவலர் ஓடிவந்தார். அவரிடம் ஒரு அச்சிட்ட அறிவிப்பு இருந்தது. தொடாதீர், தாண்டாதீர் என்று நான்தான் மூன்று மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை எடுக்கவேயில்லை.

"பந்தி நடக்குல்லா, தெரியல்லியா? இலையத் தாண்டியா போவாவ? சுத்திப் போங்க!"

அவர்கள் மன்னிப்புக் கேட்டு, சுற்றிப் போனார்கள்.

அதே வாரம், ஒரு புதன்கிழமை, நான் படிக்கட்டுக்குக் கீழே சிற்பியுடன் நின்றிருந்தேன். அவள் அம்மா வந்தாள். தொடக்க விழாவுக்கு அவள் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது தக்கலைச் சந்தையில் வியாபாரம் முடித்து, நேரே, தலையில் சருவத்தோடு, செதில் ஒட்டின சேலையோடு வந்தாள். மரத்தடியில் நிற்கவில்லை. நேராகச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் போனாள். சருவத்தை இறக்கி மேசைமேல் வைத்தாள்.

"இதுக்கொரு டோக்கன் தா மக்கா."

அங்கிருந்தவர் சருவத்தையும் அவளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலணி, பை, குடை தவிரப் பாத்திரம் வைக்கலாமா என்பது அவர் கேள்வி. வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. அதையும் பார்த்து வைத்திருந்தேன். நான் தலையசைக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் அவரே ஒரு டோக்கனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சருவத்தைப் பத்திரமாக உள்ளே தள்ளிவைத்தார்.

மகள் கைகொடுக்கப் போனாள். "நீ இங்க நில்லு. நான் பாத்துட்டு வாறேன்," என்றாள் அம்மா.

டோக்கனைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, ஒவ்வொரு படியாக நின்று மூச்சு வாங்கி, ஊட்டுப்புரைக்கு ஏறிப் போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள்.